படிக்கட்டில் வாங்கிய நோட்டீஸ்

படிக்கட்டில் எதையும் வாங்காதீர்கள் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நான் வாங்கினேன்.

சமரச அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரும்படி கேட்டபோது ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். விருப்ப ஓய்வில் வந்தவளுக்கு உட்கார வரவில்லை. திருவான்மியூர் முனையத்துக்குள் பேருந்து திரும்பும் சத்தம் ஜன்னலில் கேட்டால் இப்போதும் கை தானாகப் பையைத் தேடுகிறது. நான் முடித்துவைத்த ஒப்பந்தங்களைப் பற்றி எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். இரு தரப்பும் கைகுலுக்கி, காபி குடித்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட மத்தியானங்கள். அவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கலையாமல் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஐந்து ஐம்பது.

நம் வேலை விசித்திரமானது. நாம் நீதிபதிகள் இல்லை. ஒருவரை வேலையில் வைக்கவோ நீக்கவோ நமக்கு அதிகாரம் கிடையாது. மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாகமும் சங்கமும். இந்தப் பக்கம் மின்விசிறிக்குப் படபடக்கும் காகிதங்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நாம். ஆனால் ஒரு தகராறு நம் முன்னால் நிலுவையில் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியை வைத்து எந்த நீதிமன்றம் கதவைத் திறக்கும், எது திறக்காது என்பது முடிவாகிவிடும். நாம் கதவு இல்லை. கதவின் கீல். கீலை யாரும் பார்ப்பதில்லை, அது துருப்பிடிக்கும் வரை.

அப்போதிருந்த சட்டப்படி, தண்ணீர் போன்ற பொதுச் சேவையில் வேலைநிறுத்த நோட்டீஸ் சமரச அலுவலருக்குக் கிடைத்த நாளிலேயே சமரசம் தொடங்கிவிட்டதாகக் கருதப்படும். தொடங்கிவிட்டால், அந்தத் தகராறு சம்பந்தமாக நம் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் நிர்வாகம் யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. இன்று சட்டத்துக்குப் பெயர் மாறிவிட்டது, பிரிவு எண்கள் மாறிவிட்டன, எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் மாறியிருக்கிறது. புதிய புத்தகத்தை என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருப்பீர்கள். ஆனால் ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு காகிதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறித்தான் ஆகவேண்டும். அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அரசுக்குச் சொந்தமான ஒரு கழகம். பெயர் வேண்டாம், அது செய்த தொழிலையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். தென்சென்னை வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றிவிடும் பம்ப் நிலையங்கள் அதன் பொறுப்பில் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையங்களை ஒவ்வொன்றாக ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கத் தொடங்கினார்கள். சங்கம் பேச அழைத்தது. கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. வேலைநிறுத்தம் என்று முடிவானது.

அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோட்டீஸை முதலில் நிர்வாகத்தின் கையில் கொடுப்பார்கள். மந்தைவெளியிலிருந்து பறை முழங்க ஊர்வலம், பாலம் தாண்டி அடையாறு கோட்ட அலுவலக வாசலில் கோஷம், மாலை சுற்றிய தாம்பாளத்தில் நோட்டீஸ், அதிகாரி அதை எடுக்கும்போது உயரும் கைபேசிகள். வருடம் முழுக்க மோட்டார் இரைச்சலில் காது அடைத்துக் கிடப்பவர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் ஒரே நாள் அது. நமக்கு வரவேண்டிய பிரதி கடைசியில்தான் யாருக்காவது நினைவுக்கு வரும். ஒருவர் பேருந்தில் எடுத்து வருவார். பிரதிதானே. சட்டத்தின் உயிர் அந்தத் தாம்பாளத்தில் இல்லை, பேருந்தில் வரும் காகிதத்தில் இருக்கிறது என்பது சங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கழகத்தின் சட்டப் பிரிவுக்குத் தோன்றியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோட்ட அதிகாரி ஊர்வலத்தை வாசலிலேயே ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்தார். கூட்டத்தில் இருக்கிறார், இதோ வருகிறார், டீ சாப்பிடுங்கள். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. சங்கச் செயலாளர் காதர் பாய் நமக்கான பிரதியை ஸ்டெல்லாவிடம் கொடுத்து தி.நகருக்கு ஓடச் சொன்னார்.

ஸ்டெல்லா ஊரூர் குப்பத்துக்காரர். கணவர் பம்ப் நிலையத்தில் வேலையில் இருந்தபோது இறந்துபோனதால், கருணை அடிப்படையில் அவருடைய இடத்துக்கு வந்தவர். சங்கத்தில் இணைச் செயலாளர். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் பேருந்து அடுத்து எந்தத் தெருவுக்குள் திரும்பும் என்று ஓட்டுநருக்கே நிச்சயமில்லாத காலம். அவர் நந்தனத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை ஓடியிருக்கிறார்.

எங்கள் அலுவலகம் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. தபால் பிரிவை ஐந்தே முக்காலுக்குப் பூட்டிவிடுவார்கள். நான் இறங்கிக்கொண்டிருந்தேன், அவர் ஏறிக்கொண்டிருந்தார். படிக்கட்டின் திருப்பத்தில், சுவரில் கையூன்றி நின்றார். மூச்சு வாங்கி முடியவில்லை.

"தபால் மூட்டாங்களா மேடம்?"

மூடிவிட்டார்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். அவர் ஏறி வந்த படிகளைத் திரும்பிப் பார்த்தார். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. இன்னும் எத்தனை படி இறங்கவேண்டும் என்று கால்கள் எண்ணிப் பார்ப்பதைப் போன்ற பார்வை. உறையைப் பார்த்தேன். மேலே என் பதவியின் பெயர். எனக்கு வந்ததை நான் வாங்குவதில் என்ன இருக்கிறது? கையை நீட்டினேன்.

தன்னிடம் இருந்த இன்னொரு பிரதியை எடுத்து, "சைன் எதுனா போடணுமா மேடம்?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை முத்திரையோட வாங்கிக்குங்க" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை எனக்குள் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பேனா பையில் இருந்தது. கைக்கடிகாரம் கையில் இருந்தது. நான் மணி பார்க்கவில்லை. ஐந்து ஐம்பது என்று இப்போது சொல்வதெல்லாம் பின்னால் கணக்குப் போட்டுச் சொல்வது. படிக்கட்டில் ஒரு கேமரா இருந்தது. அது வேலை செய்வதில்லை என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தேன். மத்தியானம் மிச்சமிருந்த மோர்க்குழம்பு, பேருந்து நெரிசலில் டிபன் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிட்டிருந்தது. உறை ஊறிப்போய்விட்டது. உள்ளே நோட்டீஸின் முதல் பக்கத்தில், வலது மேல் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். துணியால் ஒற்றி, விசிறிக்குக் கீழே காயவைத்து, கனமான புத்தகத்தின் அடியில் அழுத்திவைத்தேன். சனியும் ஞாயிறும் அது அங்கேயே கிடந்தது. மஞ்சள் போகவில்லை.

திங்கள் காலை உறையைக் குப்பையில் போட்டேன். தபால் பிரிவின் தட்டில் வந்து குவிந்திருந்த காகிதங்களின் நடுவே அதைச் செருகிவிட்டு என் இருக்கைக்குப் போனேன். அரசு ஆவணத்தை வீட்டுக்கு எடுத்துப்போனவள், அதில் குழம்பைக் கொட்டியவள் என்று நாலு பேர் சிரிப்பதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான் காரணம். உள்ளேயிருந்து முத்திரை விழும் சத்தம் கேட்டது. தட், தட், தட். அவற்றில் ஒன்று அதன்மேல் விழுந்த சத்தம். திங்கள், பத்து நாற்பது. நான் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் காதர் பாய் வந்தார். கையில் ஓர் உத்தரவு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷிப்டு மாறும் நேரத்தில், பம்ப் நிலைய வாயிலில் ஒட்டியிருக்கிறார்கள். பணி நேரத்தில் ஊர்வலம் போனது, அதிகாரியை இழிவாகப் பேசியது. காதர் பாய், ஒரு வால்வு ஆபரேட்டர், ஸ்டெல்லா. மூன்று பேரும் உடனடியாக வேலைநீக்கம்.

கழகத்தின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளி மாலை நம் தபால் பிரிவு மூடும் நேரம் நெருங்கும் வரை இழுத்தடித்தது. சனியன்று நாம் விடுமுறை என்பதைத் தெரிந்துகொண்டே ஒட்டியது. திங்கட்கிழமைதான் நோட்டீஸ் நமக்குக் கிடைத்தது என்றால், சனியன்று சமரசம் எதுவும் நிலுவையில் இல்லை. அனுமதி கேட்கத் தேவையில்லை. வெள்ளியே கிடைத்திருந்தால், அந்த உத்தரவுக்குச் சட்டத்தின் முன் நிற்கக் கால் கிடையாது.

"நம்ம காகிதம் என்னிக்கு உள்ள வந்துச்சுன்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க மேடம்" என்றார் காதர் பாய்.

தபால் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் படித்தார். திங்கள், பத்து நாற்பது.

காதர் பாய் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெல்ல உட்கார்ந்தார். "வெள்ளிக்கெளமையே குடுத்துட்டேன்னு சொல்லுச்சே அந்தப் பொண்ணு" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன். பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன். ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்களே, பணியில் இருந்த காலம் முழுவதிலும் என் மிகப் பெரிய தவறு எது என்று கேட்டால், படிக்கட்டில் வாங்கியதையோ பாத்திரத்தைச் சரியாக மூடாததையோ சொல்லமாட்டேன். இந்த மூன்றடியைச் சொல்வேன்.

மறுநாள் ஸ்டெல்லா வந்தார். அறைக்குள் வரவில்லை. நடைவழியில் நின்று என்னை வெளியே வரவழைத்தார்.

"நான் உங்க கையில குட்தேனா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க மேடம்."

"குடுத்தீங்க."

"அப்ப பாய்கிட்ட ஏன் சொல்லல?"

நான் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, எழுதிக் குடுங்க."

கோப்பு சம்பந்தப்பட்ட விஷயம், அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது, நீதிமன்றம் கேட்டால் சொல்கிறேன் என்று அலுவலகக் குரலில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோர்ட்டு கேக்கணும்னா மொதல்ல கோர்ட்டு எங்கள உள்ள உடணுமே."

அவர் சொன்னதுதான் நடந்தது. சங்கம் முதலில் சைதாப்பேட்டை உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஓடியது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த கதவு அது. இது தொழில் தகராறு, எங்கள் அதிகார வரம்புக்குள் வராது என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். தொழிலாளர் நீதிமன்றம் என்றால் மூவரும் தனித்தனியாக நம்மிடம் மனுக் கொடுத்து, பேச்சு நடந்து, முறிந்து, பிறகு அங்கே போய் வரிசையில் நிற்கவேண்டும். வருடங்கள் போய்விடும். அதற்குள் பம்ப் நிலையத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பழகிவிடுவார்கள். மிஞ்சியது உயர் நீதிமன்றம். கழகம் அரசினுடையது என்பதால் அங்கே ரிட் மனுப் போடலாம். ஆனால் தொழிலாளர் நீதிமன்றம் ஒன்று இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்று வாசலிலேயே கேட்பார்கள். அவர்களை உள்ளே விடக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: சமரசம் நிலுவையில் இருக்கும்போதே, அனுமதி வாங்காமல், சட்டத்தை வெளிப்படையாக மீறி நீக்கிவிட்டார்கள்.

அந்தப் பதில் என் வாயில் இருந்தது.

ரிட் மனுப் போட்டார்கள். கழகம் முதல் எதிர்மனுதாரர். நான் இரண்டாவது.

விசாரணைக்கு முந்தைய ஞாயிறு, கடற்கரை ஓரமாக நடந்து ஊரூர் குப்பம் வரை போய்விட்டேன். போகவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, கால் போனது. படகுகளின் நிழலில் மீன் விற்கும் வரிசை. ஸ்டெல்லா தன் மாமியாருக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை எடுத்து ஒரு மீனின் செதிலைச் சீவ ஆரம்பித்தார்.

"இன்னா மேடம் வோணும்? சங்கரா கீது, நெத்திலி கீது. நோட்டீஸ் இல்ல."

பக்கத்துப் பலகைக்காரி சிரித்தாள். "இவதானே அந்த நோட்டீஸத் தொலைச்சவ. பஸ்ஸுல தூங்கிட்டாளாம்."

"தொலைக்கல அக்கா. குட்த்துட்டேன். வாங்கினவங்க தொலைச்சாங்க" என்றார் ஸ்டெல்லா, செதிலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

குப்பத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தூங்கிவிட்டாள் என்பது நல்ல எண்ணம் உள்ளவர்கள் சொன்னது. கழகத்துக்காரன் வாங்கிவிட்டான் அவளை என்று சொன்னவர்களும் உண்டு. கணவனின் வேலையைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று மாமியாரின் காதுபடவே சொன்னார்கள். நான் அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அலை காலை நனைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வரும்வரை பையை உடம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன், அதற்குள் இன்னும் அந்தக் காகிதம் இருப்பதைப் போல.

திங்கள் மத்தியானம் வந்து சேர்ந்தது நான் தாக்கல் செய்யவேண்டிய பதில் உறுதிமொழிப் பத்திரத்தின் வரைவு. அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பவேண்டும், மறுநாள் விசாரணை. நான்காவது பத்தியில் இருந்தது: 'பதிவேட்டின்படி மேற்படி நோட்டீஸ் திங்கட்கிழமை காலை 10.40 மணிக்கு இவ்வலுவலகத்தில் பெறப்பட்டது.'

பதிவேட்டின்படி. அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். எவ்வளவு சுத்தமான சொல். அந்தப் பத்தியில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால் நான் சாகும்வரை உண்மை பேசியவளாகவே இருப்பேன். ஸ்டெல்லா சாகும்வரை பேருந்தில் தூங்கியவராக இருப்பார்.

இணை ஆணையரிடம் போனேன். மயிலாப்பூர்க்காரர். கோப்பில் எப்படி எழுதுவது, பேச்சுவார்த்தையில் எப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பது, கத்துகிறவரை எப்போது கத்தவிடுவது எல்லாம் அவரிடம் கற்றதுதான். படிக்கட்டு, பை, மோர்க்குழம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுல ஒரு பொய் இருக்கா, சொல்லு" என்றார். "பதிவேட்டின்படின்னுதானே போட்டிருக்கு."

பொய் இல்லை சார், ஆனால் நடந்தது இல்லை என்றேன்.

"முத்திரைதான் அரசாங்கம். ஒவ்வொரு அதிகாரியும் என் கைக்கு நேத்தே வந்துதுன்னு சொல்ல ஆரம்பிச்சா, நாளைக்கு எவனாவது காசு வாங்கிண்டு முந்தாநாளே வந்துதும்பான். யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு நியாயத்தின் முன்னால் நிற்பீர்கள். அதை வெல்ல ஒரு வாதமும் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. முத்திரை நான் போட்டதில்லை, அது அன்றைக்கு விழுந்ததற்குக் காரணம் நான் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ இதை எழுதினா உன்மேல குறிப்பாணை போடவேண்டியவன் நான்தான். அந்த வேலையை எனக்குக் குடுக்காதே."

கடிகாரம் இரண்டே முக்கால் காட்டியது. அரசு வழக்கறிஞரின் உதவியாளர் கைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். என் இருக்கைக்கு வந்து அந்த நான்காவது பத்தியை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினேன். வெள்ளி மாலை, தபால் பிரிவு பூட்டிய பின், படிக்கட்டில், ஸ்டெல்லா என்பவரிடமிருந்து என் கையில் பெற்றேன். ஒப்புகை தரவில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். திங்களன்று எவரிடமும் சொல்லாமல் தபால் தட்டில் வைத்தேன். எழுத எழுத வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. மோர்க்குழம்பை எழுதவில்லை. அத்தனை எழுதியவளுக்கு அதை மட்டும் எழுதக் கை வரவில்லை. அந்தக் கடைசி வெட்கத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

மூன்றரைக்கு அது இணை ஆணையரின் மேசைக்குப் போனது. திருப்பி அனுப்புவார், அழைத்துத் திட்டுவார் என்று காத்திருந்தேன். மூன்று ஐம்பதுக்குக் கோப்பு வெளியே வந்தது. 'அனுப்பலாம்' என்று ஒரு சொல், கீழே அவருடைய கையெழுத்து.

மறுநாள் நீதிமன்ற அறையில் கழகத்தின் வழக்கறிஞர் என் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியதை இன்றும் என்னால் முழுதாகச் சொல்ல முடியும். இந்த மனுவை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை, தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள் என்று தொடங்கினார். பதிவேடு ஒன்று சொல்கிறது, அதைப் பராமரிக்கும் அதிகாரி வேறொன்று சொல்கிறார், இது சங்கத்தோடு சேர்ந்து பின்னால் இட்டுக்கட்டியது என்றார். நோட்டீஸ் திங்கட்கிழமை காலை நேராகத் தபால் பிரிவில் கொடுக்கப்பட்டது, வேறு எந்தக் கையும் அதைத் தொடவில்லை என்று அழுத்தமாகச் சொன்னார். எங்கள் தரப்பு அரசு வழக்கறிஞரோ என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்வரிசையில் காதர் பாய் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா சுவரோரமாக. கதவருகே இணை ஆணையர்.

நீதிபதி மூலக் கோப்பைக் கேட்டார். நோட்டீஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு மின்விசிறியின் கிறீச்சொலியை அதற்குமுன் அவ்வளவு கவனமாக நான் கேட்டதில்லை.

இந்த மூலையில் இருக்கும் மஞ்சள் என்ன என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன். தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். தலையசைத்தார்.

"மோர்க்குழம்புங்க ஐயா. வெள்ளிக்கிழமை என் டிபன் பாக்ஸ்ல இருந்தது."

அறை சிரித்தது. நீதிபதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கழகத்தின் வழக்கறிஞரை மேடைக்கு அருகே அழைத்து, காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். முத்திரை அந்த மஞ்சளின் மேலேயே விழுந்திருந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் நீல மை பிடிக்காமல் சிதறி, தேதியின் பாதி மங்கியிருந்தது. கறையில்லாத இடத்தில் பளிச்சென்று இருந்தது. கறை முதலில், முத்திரை பிறகு. நேராகத் தபால் பிரிவுக்கு வந்த காகிதத்தில் முத்திரைக்கு அடியில் குழம்பு எப்படி வந்தது என்று மட்டும் கேட்டார். இரண்டு முறை கேட்டார். பிறகு, தனக்கே கேடு வரும் ஒன்றை ஓர் அதிகாரி எதற்காக இட்டுக்கட்டவேண்டும் என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அலுவலருக்குக் கிடைப்பது என்றால் அவர் கைக்குக் கிடைப்பது; முத்திரை அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான் என்று உத்தரவில் எழுதினார். வெள்ளியன்றே சமரசம் தொடங்கிவிட்டது. சனியன்று அனுமதியின்றி நீக்கியது செல்லாது. சட்டம் வெளிப்படையாக மீறப்பட்டிருப்பதால் இந்த மனுவை இங்கேயே விசாரிக்க அதிகார வரம்பு உண்டு. மூவரும் வேலைக்குத் திரும்பினார்கள். கழகம் மேசைக்கு வந்து உட்கார்ந்தது.

பத்து நாள் கழித்து இணை ஆணையர் குறிப்பாணையைத் தானே எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். அலுவலக ஆவணத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றது, உணவுப் பொருளால் சேதப்படுத்தியது, பெற்ற உண்மையை மறைத்தது. மூன்று குற்றச்சாட்டுகள், மூன்றும் சரி.

"நீளமா பதில் எழுதாதே" என்றார். போகும்போது நின்று, "மோர்க்குழம்பை நீயே எழுதியிருக்கலாம். எனக்கு அங்கே உயிர் போயிடுத்து" என்றார்.

கண்டனம் என்று முடித்தார்கள். அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. அதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நீங்கள் இதைப் படித்துவிடக் கூடாதே என்பதால் எழுதுகிறேன். உங்களுக்கு எதிரே உட்காரும் நீதிபதி காகிதத்தைத் திருப்பிப் பார்க்காமலும் போகலாம்.

அடுத்த முறை அந்தச் சங்கம் நோட்டீஸ் கொடுத்தது நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால். பிற்பகல் மூன்றேகால் இருக்கும். மாடிப்படியில் பல கால்கள் ஏறி வரும் சத்தம். காதர் பாய், அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் முன்னால் ஸ்டெல்லா. கோஷம் இல்லை, மாலை இல்லை. இன்னும் அடையாறு போகவில்லை, முதலில் இங்கேதான் என்றார் காதர் பாய். ஸ்டெல்லா ஒரு பிளாஸ்டிக் கவரை என் மேசைமேல் வைத்தார். மீன் கட்டிக்கொடுக்கும் கவர், இரண்டு முடிச்சுப் போட்டது.

"வூட்டுக்கு எட்த்துனு போனாலும் ஒண்ணும் ஆவாது மேடம்."

காதர் பாய் அவரை அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. முடிச்சை அவிழ்த்து நோட்டீஸை எடுத்தேன். தபால் பிரிவு பத்தடி தூரத்தில், திறந்துதான் இருந்தது. அனுப்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். வலது மேல் மூலையில், என் கையால், நாள், மணி, யாரிடமிருந்து என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவர்களுடைய பிரதியிலும் அப்படியே.

ஸ்டெல்லா அதை வாங்கி ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். மை காயும்வரை ஊதினார். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்.

தெருவில் பறை அப்போதுதான் தொடங்கியது.